கசிவைக் கையால் தேடியவனுக்கு

சாமு,

திங்கட்கிழமை நீ மறுபடி பொக்லைன் ஏறப் போகிறாய் என்று ஷீபா சொன்னாள். நீ சொல்லவில்லை. உன் சேதி எல்லாம் இப்போது உன் பெண்டாட்டி வழியாகத்தான் எனக்கு வருகிறது. நான் போன் போட்டால், “சரிம்மா, சரிம்மா, சைட்ல கீறேம்மா” என்று வைத்துவிடுகிறாய். கையில் கட்டோடு கேளம்பாக்கத்து வீட்டில் படுத்துக்கிடந்த நாளிலும் அதே “சைட்ல கீறேம்மா”தான். பின்னால் உன் வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் எனக்கு ஒரு பிரியமும் கிடையாது. பொக்லைன் ஓட்டுகிற மற்ற பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளும் என்னைப் போல் தலையில் அடித்துக்கொண்டுதான் இருப்பாள்.

அவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உன் நைனா வீட்டிலும் என் வீட்டிலும் யாருக்கும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் கல்யாணமான புதிதில் கட்டட வேலையில் மண் சட்டி சுமந்தவள். பழைய பொக்லைன் ஒன்றை உன் நைனா வாங்கினார். முன்னால் அள்ளுகிற பக்கெட், பின்னால் தோண்டுகிற கை, இரண்டும் உள்ள வண்டி. கொஞ்ச காலத்தில் அவருக்கு முதுகெலும்பு பிசகிக்கொண்டது. வண்டி பூஞ்சேரியில் நம் வீட்டு வாசலில் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் ஏறி உட்கார்ந்தேன். முதலில் சைட்காரர்கள், “அண்ணாத்த வரலியா?” என்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு, “அந்தம்மா வந்தா அனுப்பு” என்றார்கள். என் முட்டி இரண்டும் தேய்ந்து இறங்க முடியாமல் போனபோதுதான் சாவி உன் கைக்கு வந்தது.

ஓட்டுவதில் உன்னை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீ மண் எடுத்தால் கெட்டித் தயிரில் கரண்டி விட்டு எடுத்த மாதிரி இருக்கும். அந்தக் கைப்பக்குவம் எனக்குக்கூட வந்ததில்லை. ஆனால் வண்டிக்கு ஒன்று என்றால் உன் புத்தி எங்கேதான் போகிறதோ! ஓடுகிற வண்டியைத் தொட்டுத் தடவிப் பார்க்கிற பிள்ளை, நின்ற வண்டியைப் பார்த்தால் மாடு முட்டுகிற மாதிரி முட்டுகிறாய். எதையாவது கழற்ற வேண்டும், எதையாவது மாற்ற வேண்டும். அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து அது என்ன சொல்கிறது என்று கேட்கிற பொறுமை மட்டும் கிடையாது.

பட்டிபுலம் பக்கம் கடலோரத்து லாட்ஜுக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டிக்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தாய். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். மணல் வேறு, எடுக்க எடுக்கச் சரிந்தது. அப்போதுதான் உன் போன் வந்தது.

“எம்மா, வண்டி இழுக்க மாட்டேங்குது. பம்ப் பூட்ச்சு.”

“இன்னாடா, எடுத்த எடுப்புல பம்ப்புன்ற? எது இழுக்கல? பின்கை மட்டுமா, முன் பக்கெட்டும் சேர்த்தா?”

“எல்லாந்தான். எல்லாமே அசந்து அசந்து போய்கினு கீது.”

“காலைலருந்தேவா, இல்ல சூடானப்பறமா?”

“காலைலதான் ரொம்ப பேஜாரு. மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் பரவால்ல. ஆக்சிலேட்டர் குடுத்தா ஊளை வேற வுடுது.”

உன் வாயாலேயே முக்கால்வாசி விடையைச் சொல்லிவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஒரு கை மட்டும் சோர்ந்தால் கோளாறு அந்தக் கையில் இருக்கும். அதன் சிலிண்டரையோ, அதற்கு எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர்க் குழாயான ஹோஸையோ பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சோர்ந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். எண்ணெயை உறிஞ்சி அழுத்தித் தள்ளுகிற பம்பும் அதில் ஒன்று, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தேய்ந்த பம்ப் எண்ணெய் சூடாகி இளகிய பிறகுதான் அதிகமாகத் திணறும். உன் வண்டி இதற்குத் தலைகீழ். காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கிற நேரத்தில் திணறுகிறது, ஊளையிடுகிறது. அப்படியென்றால் பம்புக்குப் போகிற வழியில் என்னவோ அடைக்கிறது, உறிஞ்ச முடியாமல் அது கத்துகிறது. தொண்டையில் சோறு அடைத்தவனுக்கு ஈரலையா மாற்றுவார்கள்?

“எண்ணெ டேங்க்க தொறந்து சல்லடைய பாருடா மொதல்ல” என்றேன்.

“எம்மா, அதெல்லாம் உங்க காலத்து வண்டிமா.”

எங்கள் காலத்து வண்டியா? அடேய், அதே வண்டிதானடா அது! நான் ஓட்டிய சீட்டில்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய். இதைச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து பம்பை மாற்றினாய். மறுநாள் காலையில் புதுப் பம்பும் அதே ஊளையைத்தான் இட்டது. அப்போதாவது புத்தி வந்ததா? வரவில்லை. மெக்கானிக் போன பிறகு நீயாக ஸ்பேனரை எடுத்து ரிலீஃப் வால்வைத் திருகினாய். வண்டி ஓட்டாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? குக்கருக்கு வெயிட் எப்படியோ அப்படித்தான் இந்த வால்வு. உள்ளே எண்ணெயின் அழுத்தம் அளவு மீறினால் திறந்து வழிவிடும். அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டி, முள்ளைப் பார்த்துப் பார்த்துத் திருக வேண்டிய சமாச்சாரம். கேஜ் வீட்டில் என் பரண்மேல் கிடந்தது. அழுத்தம் ஏறினால் வண்டி இழுத்துவிடும் என்று நீ குத்துமதிப்பாக இறுக்கினாய். விசில் அடங்கவில்லை என்று குக்கர் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த கதை.

கடற்காற்று நம் வண்டியைச் சும்மா விடாது என்று உனக்குத் தெரியும். பின்கையின் ஹோஸ் ஒன்று இரும்பில் உரசி உரசி, மேல் ரப்பர் போய், உள்ளே இருக்கிற கம்பி வலை துருப்பிடித்துக் கிடந்தது. பழைய அழுத்தத்துக்கு அது எப்படியோ தாக்குப்பிடித்தது. நீ ஏற்றிய அழுத்தத்துக்குத் தாங்கவில்லை. ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து, பனி மாதிரி எண்ணெய் பூத்தது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. நீ என்ன செய்தாய்? இன்ஜினை ஓடவிட்டுவிட்டு, இறங்கிப் போய், ஹோஸ் நெடுகக் கையால் தடவினாய்.

கையால் தடவினாய்!

சீட்டுக்குப் பின்னால் கெட்டி அட்டை ஒன்று வைத்திருந்தேனே, எதற்கு? கசிவைத் தேட வேண்டுமானால் அந்த அட்டையைத் தூரப் பிடித்துக் காட்டு, எண்ணெய் பட்டால் அதில் கோடு விழும், கை பக்கத்தில் போகவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ அந்த அட்டையை மணலில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து நாஸ்தா தின்றிருக்கிறாய். பிறகு நான் போய்ப் பார்த்தபோது சாம்பார் கறையோடு அங்கேயே கிடந்தது.

அன்று மாலை நீ பூஞ்சேரிக்கு வந்ததே மீன் குழம்பு வாங்கிப் போகத்தான். சாப்பிட்டுப் போடா என்று தட்டு வைத்தேன். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாய். நீ எந்த ஜென்மத்தில் மீன் குழம்பை ஸ்பூனில் சாப்பிட்டவன்? வலது கையைத் தொடைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தாய். இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் வெளுத்து, விறைத்து, வீங்கிப்போயிருந்தது. நுனியில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட இல்லை.

“இன்னாடா இது?”

“ஒண்ணுமில்லமா. முள்ளு குத்தின மாதிரி கீது. கிளினிக்ல ஊசி போட்டுகினேன்.”

“அவுங்ககிட்ட இன்னா சொன்ன?”

“முள்ளுன்னுதான் சொன்னேன்.”

உன் தேவராஜ் மாமாவுக்கு வலது கையில் ஏன் இரண்டு விரல் இல்லை என்று சின்ன வயதில் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். மெஷின்ல மாட்டிக்கிச்சு என்று சொல்லி அனுப்பிவிடுவோம். மெஷினில் மாட்டவில்லை. மதுராந்தகம் பக்கம் ஏரி வேலையில் இதே மாதிரி ஹோஸ் ஓட்டையில் கையை வைத்தான் என் தம்பி. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். முதலில் வலியே தெரியாது. உள்ளே போன எண்ணெய் சதையை அழுகவைத்துக்கொண்டு மணிக்கட்டுவரை ஏறும். அவன் விடியட்டும் என்று இருந்தான். விடிந்தபோது விரல்கள் கறுத்துவிட்டிருந்தன.

உடனே அவனுக்குத்தான் போன் போட்டேன். லோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நீ அப்போதும், “காலைல பாத்துக்கலாம் மாமா, பள்ளம் பாதில கீது” என்றாய். அவன் கத்தவில்லை. தன் கையை உன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான்.

“நல்லா பாத்துக்கோ மாப்ள. எனக்கும் முள்ளு குத்தின மாதிரிதான் இருந்துச்சு.”

அதற்கப்புறம்தான் நீ வண்டியில் ஏறினாய். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நீ விரலை ஊதிக்கொண்டே வந்தாய். அப்போது வலி ஆரம்பித்துவிட்டது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். என்ன ஆச்சு என்று உன்னைத்தான் கேட்டார். நீ அங்கேயும், “முள்ளு குத்திருச்சு மேடம்” என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே உன்னை அறைந்திருப்பேன்.

“பொய் சொல்றான் டாக்டரம்மா. முள்ளு இல்ல, எண்ணெ. பொக்லைன் ஹோஸ்ல ஓட்டை, அதுல கைய வெச்சுட்டான். பிரஷர்ல உள்ள பூந்துருக்குது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டாய், என்ன எண்ணெய் என்று மளமளவென்று கேட்டார். கேட்டுக்கொண்டே போனில் யாரையோ ஆபரேஷன் தியேட்டருக்கு வரச் சொன்னார். பிறகு என்னிடம், “நல்ல வேளை சொன்னீங்கம்மா. இவர் சொன்னதை நம்பியிருந்தா மருந்து போட்டு அனுப்பியிருப்பேன்” என்றார். கேட்டாயா? உன்னைக் காப்பாற்ற வந்தவரையே நீ ஏமாற்றப் பார்த்தாய். உனக்கு என்ன, வெட்கமா? ஊசி ஓட்டைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தான் என்று சிரிப்பார்கள் என்றா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஷீபா நாவலூர் ஆபீஸிலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “அத்தே, இந்த வண்டி இனிமே நமக்கு வேணாம். வித்துடுங்க. அவரு என் பேச்ச கேக்க மாட்டாரு, நீங்க சொல்லுங்க” என்றாள். அந்த வண்டியில்தான் நாம் தலைநிமிர்ந்தோம் என்று சொல்லலாம். உள்ளே கத்திக்குக் கீழே கிடக்கிறவனின் பெண்டாட்டியிடம் அதை எந்த வாயால் சொல்வது? அந்த நேரத்தில் அந்த வண்டியை யாராவது கடலில் தள்ளியிருந்தால் நானும் ஒரு கை கொடுத்திருப்பேன்.

விரலிலிருந்து உள்ளங்கைவரை பிளந்து கழுவினார்கள். ஆள்காட்டி விரலின் மேல் கணுவை எடுக்கவேண்டியதாகிவிட்டது. “விடியட்டும்னு இருந்து காலையில வந்திருந்தீங்கன்னா முழுக் கையைப் பத்திப் பேசிட்டு இருந்திருப்போம்” என்றார் டாக்டரம்மா. ஷீபா அப்போதுதான் அழுதாள். மயக்கம் தெளிந்து நீ கண்ணைத் திறந்தாய். எங்கள் இருவரையும் பார்த்தாய். முதல் வார்த்தை என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “எம்மா, பள்ளம் சரிஞ்சுடும்மா. வேற பம்ப் சொல்லணும்.” நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ வார்டில் கிடந்தபோது நானும் உன் நைனாவும் மாமாவும் பட்டிபுலம் போனோம். பின்கையைத் தரையில் ஊன்ற வைத்து, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து உள்ளே நின்ற அழுத்தத்தை விட்ட பிறகுதான் எதையும் தொட்டோம். டேங்கைக் காலி செய்து சல்லடையை வெளியே இழுத்தேன். அதைச் சுற்றி ஒரு துணி. மஞ்சள் நிறம். பிழிந்து விரித்துப் பார்த்தால், உன் பழைய டீ-ஷர்ட்டின் கை! எண்ணெய் ஊற்றும்போது மூடியைத் துடைத்த துணியை உள்ளே போட்டுவிட்டு, அது எங்கே என்றுகூடத் தேடாமல் மூடியிருக்கிறாய். அது சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டு பம்பின் மூச்சை அடைத்தது. நல்லாயிருந்த பம்பைக் கழற்றினாய், வால்வை இறுக்கினாய், ஹோஸைக் கிழித்தாய், விரலைக் கொடுத்தாய். எல்லாம் அந்த ஒரு கிழிசலுக்கு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். நீ அந்த ஓணானுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறாய்.

உன் நைனா அந்தத் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு கடல் பக்கம் நடந்து போய்விட்டார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

புது ஹோஸ் மாட்டினோம், இந்த முறை இரும்பில் உரசாத மாதிரி. கேஜ் வைத்து வால்வைப் பழைய அளவுக்கு இறக்கினேன். ஸ்டார்ட் செய்தால் ஊளை இல்லை. பிறகு பள்ளத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்திருந்தது, வானமும் இருண்டுகொண்டு வந்தது. “வேணாண்டி, முட்டி” என்று உன் நைனா கத்தினார். ஏறிவிட்டேன். மாமா பின்னாலிருந்து தள்ளத்தான் ஏற முடிந்தது, ஆனால் ஏறிவிட்டேன். பள்ளத்தை முடித்து, தொட்டிக்கான சிமென்ட் உறைகளை இறக்கிவிட்டுத்தான் வந்தோம். மூன்று நாள் நடக்க முடியவில்லை. அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேனா?

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று நான் உன் வீட்டுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. ஷீபா சொன்னதை உன்னிடம் சொல்லிவிடுவது, வண்டியைக் கொடுத்துவிடுவோம் என்று முகத்துக்கு நேரே பேசிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். கேளம்பாக்கத்தில் இறங்கி, அந்தப் பாழாய்ப்போன மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். சப்பாத்திக் கட்டையைத் தொடை நடுவில் வண்டி லீவர் மாதிரி செங்குத்தாக இடுக்கிக்கொண்டு, வலது கையால் அதைப் பிடித்து முன்னால் தள்ளினாய், பின்னால் இழுத்தாய். விரல் மடங்கவில்லை. கட்டை நழுவி விழுந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னாய், எடுத்தாய், மறுபடி பிடித்தாய். பனியன் முழுக்க வியர்வை. வலியில் உன் கீழுதடு சின்ன வயதில் காய்ச்சலுக்குக் கோணிக்கொள்ளுமே, அப்படிக் கோணியிருந்தது.

நான் கதவைத் தட்டவில்லை. இறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் பிள்ளை, “ஆன்ட்டி, தண்ணி வேணுமா?” என்று கேட்டது.

ஷீபாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீயும் பேசு, போனை வைப்பது மாதிரி அவளிடம் வைக்காதே. கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். நீ கட்டையைப் பழைய வழக்கப்படி விரலால் சுற்றிப் பிடித்து இழுக்கப் பார்க்கிறாய். அதனால்தான் நழுவுகிறது. லீவரின் தலையை உள்ளங்கைக்குள் உட்காரவை. சுண்டு விரலும் மோதிர விரலும் கீழே பிடித்துக்கொள்ளட்டும். மணிக்கட்டால் தள்ளு, மணிக்கட்டாலேயே இழு. முதல் வாரம் வலிக்கும்.

அம்மா